‘நரம்புத் தளர்ச்சி’ என்று தேடாதீர்கள்: கால் மரத்துப்போனவர்கள் யாரை நம்புவது?

அம்மாவின் வலது கால் செருப்பு பேருந்திலேயே போய்விட்டது. இறங்கி, சாலையைக் கடந்து, மருந்துக் கடை வாசல் வரை வந்த பிறகுதான் நான் கவனித்தேன். "செருப்பு எங்கேம்மா?" என்று கேட்டதும் குனிந்து பார்த்தார். அவருக்கே புரியவில்லை. வைகாசி மாதத்து மதிய வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியவே இல்லை. அன்று ராத்திரி உள்ளங்காலில் இரண்டு கொப்புளங்கள். அவையும் வலிக்கவில்லை.

அதற்கு முன்பே மூன்று வருடமாக அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "காலெல்லாம் மதமதன்னு இருக்கு." "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." "ராத்திரியானா எரியுது, போர்வை பட்டாலே சுள்ளுங்குது." ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இல்லையென்றால் ஒரு தைலம். காலைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அம்மாவுக்கு இருந்தது புற நரம்புப் பாதிப்பு, அதாவது கை கால்களுக்குப் போகும் நரம்புகள் கெடுவது. அதோடு வாழ்பவர்களுக்குத் தகவலுக்குக் குறைவே இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிறது, யூடியூபில் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். எதை நம்புவது என்று பிரித்தறியத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. அம்மாவோடு அலைந்து, படித்து, சில தவறுகளும் செய்து நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. நாம் நரம்பு என்று சொல்வது எப்போதும் நரம்பைத்தானா? குளுக்கோஸ் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கலை" என்றால் அது ரத்தக் குழாய். கெண்டைக்காலில் நீல நிறத்தில் நெளிந்து புடைத்திருப்பதை "நரம்புச் சுருட்டு" என்கிறோம், அதுவும் ரத்தக் குழாய்தான். கழுத்து திரும்பாவிட்டால் "நரம்பு பிசகிடுச்சு" என்போம், பெரும்பாலும் அது தசைப்பிடிப்பு. "நரம்புத் தளர்ச்சி" என்பதோ கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, ஆண்மைக் குறைவு என்று எல்லாவற்றையும் போட்டு வைக்கிற ஒரு மூட்டை. கால் மரத்துப்போனவர் அந்தச் சொல்லைப் போட்டு இணையத்தில் தேடினால் லேகியமும் சூரணமும் விற்பவர்கள்தான் முதலில் வருவார்கள். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரமும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது.

அதனால் தேடும்போது ‘புற நரம்பு பாதிப்பு’, ‘பெரிபெரல் நியூரோபதி’, ‘நீரிழிவு நரம்புப் பாதிப்பு’ என்று தேடுங்கள். டாக்டரிடம் பேசும்போது நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், உணர்வதைச் சொல்லுங்கள். மதமதப்பா, எரிச்சலா, எறும்பு ஊர்வது போலவா, ஊசி குத்துவது போலவா, செருப்பு கழன்றது தெரியவில்லையா, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறதா? அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு தடயம். "நரம்புத் தளர்ச்சியா இருக்கு டாக்டர்" என்று சொன்னால் சத்து மாத்திரைதான் கிடைக்கும்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பிக் கை, கால், தோல், குடல், இதயம் என்று எல்லா இடத்துக்கும் போகிற கம்பிகள்தான் புற நரம்புகள். கால் விரலுக்குப் போகும் நரம்பிழை இடுப்புப் பக்கத்திலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. அந்த நீளம் முழுவதற்கும் அதன் ஒரு முனையில் இருக்கும் செல்தான் சத்து அனுப்பியாக வேண்டும். சத்துக் குறைந்தாலோ நஞ்சு சேர்ந்தாலோ கடைக்கோடி வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் வராமல் நின்றுபோகும். அதனால்தான் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு கால் விரல்களிலும் ஒரே சமயத்தில் தொடங்கி, காலுறை போட்டது போல மேலே ஏறுகிறது. முழங்கால் பக்கம் வரும்போது கை விரல் நுனிகளும் மரக்கத் தொடங்கும்.

எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் எப்படி இருக்கும் என்று அம்மா கேட்பார். வலியையும் சூட்டையும் சொல்லும் மெல்லிய இழைகள் பழுதாகும்போது, ஒன்றும் இல்லாமலேயே ‘எரிகிறது’ என்று பொய்ச் செய்தி அனுப்புகின்றன. நிஜமாகவே சுட்டால் சொல்ல வேண்டிய செய்தி வருவதில்லை. ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது எரிச்சல். ஆனால் காலை இழக்க வைப்பது மரப்பு. மக்கள் எரிச்சலுக்கு டாக்டரைத் தேடி ஓடுகிறார்கள், மரப்புக்கு ஓடுவதில்லை. எரிச்சல் போய்விட்டால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். சிலருக்கு அது நரம்பு முழுவதும் அடங்கிப்போனதன் அடையாளம்.

நியூரோபதி என்பது ஒரு நோயின் பெயரே இல்லை என்பதைத்தான் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். காய்ச்சல் மாதிரிதான் அது. காய்ச்சல் என்றால் டெங்குவா, டைபாய்டா, மலேரியாவா என்று கேட்கிறோம். நியூரோபதி என்றால் மட்டும் யாரும் கேட்பதில்லை. நூறுக்கும் மேற்பட்ட காரணங்கள் உண்டு. முதலிடம் சர்க்கரை நோய்க்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நீண்ட காலம் சர்க்கரையோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் நரம்பு பாதிக்கப்படுகிறது.

ஆனால் சர்க்கரை இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிடக் கூடாது. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, பல வருடக் குடி, புற்றுநோய்க்கான சில கீமோ மருந்துகள், காசநோய்க்கான ஐசோனியசிட், எச்.ஐ.வி., ரத்தத்தில் ஒரு வகைப் புரதம் கட்டுமீறிப் பெருகுவது, பரம்பரை, உடலின் எதிர்ப்பு சக்தி தன் நரம்பையே தாக்குவது என்று பட்டியல் நீளம். நம் ஊரில் தொழுநோயை மறக்கவே கூடாது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஒரு தேமல், அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம், நோயும் முழுதாகக் குணமாகும்.

இதில் பி12 கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு முதலில் எழுதப்படும் மெட்பார்மின் நல்ல மருந்துதான். ஆனால் பல வருடம் சாப்பிடும்போது, குடல் பி12-ஐ உறிஞ்சுவது சிலருக்குக் குறைகிறது. பி12 அசைவத்திலும் பாலிலும் முட்டையிலும்தான் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர், வயதானவர், பத்து வருடமாக மெட்பார்மின் எடுப்பவர் என்று மூன்றும் சேர்ந்தால்? கால் மதமதப்புக்கு ‘சர்க்கரைதான் காரணம்’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, உண்மையில் பாதிக் காரணம் திருத்தக்கூடிய ஒரு குறைபாடாக இருக்கும். அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. மெட்பார்மின் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது பி12 அளவைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனைதான், மூன்று வருடமாக யாரும் எழுதித் தரவில்லை. அதற்காக மெட்பார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12-ஐப் பார்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஆக, யாரை நம்புவது என்பதற்கு நான் கண்ட முதல் அளவுகோல் இது: அவர் காரணத்தைத் தேடுகிறாரா, இல்லை எடுத்த எடுப்பிலேயே தீர்வை நீட்டுகிறாரா? ஆங்கில மருத்துவம், சித்த மருத்துவம், கருவி விற்பவர், யூடியூபில் பேசுபவர் என்று எல்லோருக்கும் இதே அளவுகோல்தான். "உங்களுக்கு என்னென்ன நோய் இருக்கு, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்காமல் ‘நரம்பு வலுப்பெற இதைச் சாப்பிடுங்கள்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், அவருக்கு உங்கள் காலைப் பற்றி எதுவும் தெரியாது.

இரண்டாவது அளவுகோல், செருப்பைக் கழற்றச் சொல்கிறாரா என்பது.

கொப்புளம் சீழ் பிடித்த பிறகு ஓர் அரசு மருத்துவமனையின் பாதப் பிரிவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டரம்மா. முதலில் கால் இரண்டையும் ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னார். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார், பாதத்தின் மேல் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்தார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் முனையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. "கண்ணை மூடிக்கங்கம்மா. எங்க படுதோ அப்போ ‘ம்’ சொல்லுங்க." கட்டைவிரலில் வைத்தார். இழை வளைந்தது. அம்மா பேசாமல் இருந்தார். நடுவிரல், சுண்டுவிரல், விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, இழை ஒவ்வொரு இடத்திலும் வளைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா கண்ணை மூடியபடி காத்திருந்தார். கணுக்காலுக்கு மேலே வந்ததும்தான் "ம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "ஆரம்பிச்சாச்சா டாக்டர்?" என்று கேட்டார்.

அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. அந்த அழுத்தம்கூடத் தெரியாத கால், புண் வரும் ஆபத்தில் இருக்கும் கால். சோதனைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். கருவியும் விலை அதிகமில்லை. இதோடு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிக்கு நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தை இப்படிச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் இதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. மாத்திரை வீடு தேடி வந்தாலும், வருடத்தில் ஒரு நாளாவது கால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றிரண்டு விநாடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத சோதனை. எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மரத்துப்போன காலைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் பெரும்பகுதி வேலூரிலிருந்து போனது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை பெரும்பாலோர் நம்பினார்கள். கூடவே இருந்து கவனித்த அவர், அப்படி இல்லை என்று கண்டார். உணர்ச்சி போனதால் சூடான பாத்திரத்தை விடாமல் பிடிக்கிறார்கள், முள் தைத்த காலோடு நாள் முழுக்க நடக்கிறார்கள், புண் வந்த இடத்தின் மேலேயே மறுபடியும் மிதிக்கிறார்கள். காலைக் கெடுப்பது வலி இல்லாமை. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் மெத்தென்ற ரப்பரில் காலணி செய்து கொடுத்துப் பார்த்தார்கள், புண்கள் குறைந்தன. 1960களில் அவர் அமெரிக்காவின் கார்வில் நகருக்குப் போன பிறகு, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று மருத்துவமனை வாசலில் விற்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அம்மாவுக்கு அந்தச் செருப்பின் நிறம் பிடிக்கவில்லை. பின்பட்டை வைத்த ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். பட்டை இருந்தால்தான் கழன்று விழாது.

இப்போது மாத்திரைகளைப் பார்ப்போம். இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறோம். பி12 குறைந்தவருக்கு பி12, தைராய்டு குறைந்தவருக்குத் தைராய்டு மாத்திரை என்று காரணத்தைச் சரிசெய்பவை ஒரு வகை. ப்ரீகாபலின், கபாபென்டின், டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் போன்றவை இன்னொரு வகை. இவை வலியைக் குறைக்கும், நரம்பைச் சரிசெய்யாது. "இந்த மாத்திரை எதுக்கு டாக்டர், வலி குறையவா, நரம்பு சரியாகவா?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வலி மாத்திரை விஷயத்தில் நேர்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. நரம்பு வலி மருந்துகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வு, ப்ரீகாபலினைச் சுமார் 8 பேருக்குக் கொடுத்தால், மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்குத்தான் வலி பாதியளவு குறைகிறது என்றது. டுலாக்ஸிடின் வகைக்கு அந்தக் கணக்கு சுமார் 6 பேர். அமிட்ரிப்டிலின் வகை பழைய, விலை குறைந்த மருந்து. அதற்கு 4 பேருக்குப் பக்கம். இங்கிலாந்தில் 130 பேரை வைத்து 2022-இல் வெளியான ஒரு சோதனையில், எதை முதலில் தொடங்கினாலும் ஏறக்குறைய ஒரே பலன்தான், ஒன்று போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறைகிறது என்று தெரிந்தது. அதனால் முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால் மனம் விட்டுவிட வேண்டாம், மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. ‘ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும்’ என்று சொல்பவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். தலைசுற்றல், தூக்கம், கால் வீக்கம் வருமா, சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவா என்பதையும் கேளுங்கள். வயதானவர் ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் மாதிரியான வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை, சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

‘நரம்புக்குச் சத்து’ என்று எழுதப்படும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் ஒரு கண் வையுங்கள். அதிலிருக்கும் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். 1983-இல் அமெரிக்காவில், தினமும் 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்ட ஏழு பேர் நிலையாக நடக்க முடியாமல் போனதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது மிகப் பெரிய அளவு. ஆனால் அதற்குப் பிறகு வந்த தகவல்களைப் பார்த்து வரம்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு நாளைக்கு 12 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்தது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் பார்த்தால் சிலவற்றில் 3 மில்லிகிராம் இருக்கும், சிலவற்றில் 100 மில்லிகிராம்கூட இருக்கும். இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் எழுதிய சத்து மாத்திரைகளை அம்மா ஒரே சமயத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டிலும் பி6 இருந்தது. காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு டாக்டர் பி6 கொடுப்பது நரம்பைக் காக்கத்தான், அதை நிறுத்தக் கூடாது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

நாட்டு மருந்து பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சித்த மருத்துவத்தில் முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனைகளிலேயே அவர்களுக்குப் பிரிவு இருக்கிறது. என் பயமெல்லாம் பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியும், உலோகம் சேர்ந்த மருந்தைக் கூரியரில் அனுப்புபவர்களும்தான். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பை நேராகத் தாக்குபவை. நரம்புக்கு மருந்து என்று நினைத்து நரம்புக்கு நஞ்சைச் சாப்பிடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. சர்க்கரையைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த வாசகம் கண்ணில் பட்டாலே ஒதுங்கிவிடலாம்.

"ஒரு மண்டலம் சாப்பிட்டால் நரம்பு புதுசாகிவிடும்" என்ற பேச்சுக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். எல்லாம் சாதகமாக இருந்தால் அறுபட்ட நரம்பிழை நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். ஒரு மண்டலம் என்பது 48 நாள். 48 நாளில் 48 மில்லிமீட்டர், அதாவது ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. கால் விரலுக்குப் போக வேண்டிய தூரம் ஒரு மீட்டர். காரணத்தைச் சரிசெய்த பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்தான் முன்னேற்றம் தெரியும், சிலருக்கு மேலும் மோசமாகாமல் நிற்பதே வெற்றி. இதைச் சொல்பவர்கள் நமக்கு ஏமாற்றம் தருவார்கள், ஆனால் அவர்கள்தான் உண்மை சொல்கிறார்கள்.

சர்க்கரைக் கட்டுப்பாடும் அப்படித்தான். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், கறாரான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை 60 சதவீதம் குறைத்தது. இரண்டாம் வகையில் அவ்வளவு பலன் இல்லை, ஆனாலும் உண்டு. இதில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விசித்திரம்: பல வருடம் ஏறிக் கிடந்த சர்க்கரையை ஓரிரு மாதத்தில் மளமளவென்று இறக்கினால் சிலருக்கு எரிச்சல் திடீரென்று அதிகமாகும். "இன்சுலின் போட்ட பிறகுதான் கால் எரியுது" என்று அவர்கள் சொல்வது கற்பனை இல்லை. ஊசியை நிறுத்துவது அதற்கு வழி அல்ல, டாக்டரிடம் சொல்லி வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் அது மெல்ல அடங்கும்.

காலில் எரிச்சல் இருந்தும், நரம்பு வழியே செய்தி சரியாகப் போகிறதா என்று மின்சாரத்தால் பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை இயல்பு என்று வந்து, "எல்லாம் மனசுதான்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். அந்தப் பரிசோதனை தடித்த இழைகளைத்தான் அளக்கும். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் அதில் தெரியாது. உங்கள் எரிச்சல் பொய்யில்லை. நரம்பியல் நிபுணரிடம் மறுபடி கேளுங்கள்.

கேட்பதற்கு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்விதான். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு முறை இலவச முகாம் நடந்தது. தினமும் அரை மணி நேரம் அதிரும் கருவியில் காலை வைத்து உட்கார வேண்டும். அம்மா பத்து நாள் போனார். கடைசி நாளில்தான் விலை சொன்னார்கள், அது அவருடைய மூன்று மாதப் பென்ஷன். கெட்ட நரம்பை அந்த அதிர்வு வளர்க்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அம்மா ஏன் போனார் என்று எனக்குப் புரிந்தது. அங்கே இருந்த பெண் அவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டார், "இன்னிக்கு எப்படி இருக்கும்மா" என்று விசாரித்தார். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். விற்பவர்களிடம் நேரம் இருக்கிறது, வைத்தியம் தெரிந்தவர்களிடம் நேரம் இல்லை. நோயாளிகள் ஏமாறுவதற்கு அவர்களுடைய அறியாமையைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, இரண்டு காலிலும் ஒரே மாதிரியா, மேலே ஏறுகிறதா? சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், லேகியம் உட்பட. குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். "எனக்கு இது எதனால் வந்துச்சு, வேறு காரணம் இருக்கான்னு பார்த்தாச்சா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் எழுந்து வராதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, தேவைப்பட்டால் கட்டுமீறிப் பெருகிய புரதத்தைத் தேடும் புரத மின்பிரிப்புச் சோதனை, அநேகமாக இவற்றிலேயே திருத்தக்கூடிய காரணங்களில் பல அகப்பட்டுவிடும். எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதும் உண்மை. தேடிப் பார்த்து ‘தெரியவில்லை’ என்று சொல்வதற்கும் தேடாமலே இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

காத்திருக்கவே கூடாத நிலைமைகள் சில. நாள் கணக்கில், ஏன் மணிக்கணக்கில், இரண்டு காலும் பலமிழந்து மேலே ஏறினால், மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் 108-ஐ அழையுங்கள். அது கில்லன் பாரே என்ற நோயாக இருக்கலாம், உடனே சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். மரத்த காலில் புண், நிற மாற்றம், ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, இவற்றுக்கு அன்றே போக வேண்டும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

படிக்க விரும்புபவர்களுக்குச் சில இடங்கள். சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் அமைப்பு எளிய சுருக்கங்கள் பலவற்றைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. அதன் தெற்காசிய மையம் பல வருடம் வேலூர் சி.எம்.சி.யில்தான் இருந்தது. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்ப்ளஸ், பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பக்கங்கள் இரண்டும் நல்லவை. அங்கே யாரும் எதையும் விற்பதில்லை, தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறார்கள். தமிழில் போனிலேயே கேட்க வேண்டுமென்றால் 104. ஒரு வீடியோவை நம்பலாமா என்று பார்க்க நான் செய்வது, முதலில் கடைசி ஒரு நிமிடத்துக்கு ஓட்டிப் பார்ப்பது. அங்கே ஒரு பொருளும் போன் நம்பரும் வந்தால் முதல் ஒன்பது நிமிடம் எதற்காகப் பேசப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மாத்திரை விஷயத்தைத் தவிர மற்றதில், அதே நோயோடு வாழ்பவர்களின் பேச்சுக்கும் பெரிய மதிப்பு இருக்கிறது. தினப்படி வாழ்க்கையை அவர்களைப் போல யாராலும் சொல்லித்தர முடியாது. செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுவது, வெந்நீரைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்ப்பது, சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது செருப்பு வாங்குவது, வெள்ளைக் காலுறை போட்டால் ரத்தம் கசிந்தது உடனே தெரியும் என்பது, போர்வை காலில் படாமல் இருக்கக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டி வைப்பது, எல்லாமே ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொன்னவை. கோயில் விஷயத்தையும் அங்கேதான் ஒரு பெரியவர் சொன்னார். மத்தியானத்துக் கருங்கல் பிரகாரம் மரத்த காலைச் சுட்டுவிடும், விடியற்காலையில் போங்கள், காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவுக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பதினான்கு கிலோமீட்டர். பாதப் பிரிவு டாக்டரம்மா வெறுங்காலோடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன கார்த்திகைக்கு முந்தின மாதம் ஆட்டோவில் சுற்றி வந்தோம். ஒவ்வொரு லிங்கத்திலும் இறங்கி, பட்டை வைத்த அந்தச் செருப்போடு வாசல் வரை போய்க் கும்பிட்டார்.

வீட்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்திருக்கிறோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்காலை அதில் பார்ப்பார். அவர் கண்ணுக்குத் தெரியாததை நான் பார்ப்பேன். பி12 ஊசி போட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. விரல் நுனிகளைத் தொட்டால் இடது காலில் இரண்டு இடம் தெரிகிறது, வலது காலில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.